தபாலாபீசில் வைத்த ஜன்னல்

என் அப்பா ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்ததால், அதே ஷாப்பில் முதலாளிக்குக் கடிதமும் தந்தியும் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. எழுதுவது சுலபம். தபாலாபீசில் கொடுப்பதுதான் பேஜார்.

எங்கள் சேரி ஜனம் உள்ளே போகக்கூடாதென்று சட்டமில்லை. ஆனால் யாரும் போனதில்லை. வாசலுக்கு வெளியே ஒரு கல். காகிதத்தையும் காசையும் அதன்மேல் வைத்துவிட்டு, உள்ளே போகிற யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை நிற்கவேண்டும். உட்காரவும் முடியாது, நகரவும் முடியாது.

ஒரு மழைக்காலத்தில் தோல் கட்டுகள் ரயிலேறிவிட்டன. மெட்ராஸ் ஏஜெண்டை ஸ்டேஷனுக்கு வண்டியோடு வரச்சொல்லித் தந்தி. அன்று பார்த்து ஒருவரும் கல்லருகே வரவில்லை.

"ஐயா, அவசரம்."

"அங்கியே நில்லு" என்றார் கிளார்க், தலையைத் தூக்காமல்.

மத்தியானத்துக்கு மேல்தான் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ஏஜெண்ட் வருவதற்குள் மெட்ராசில் கட்டுகள் மழையில் ஊறிப் பாழாகிவிட்டன.

முதலாளி கத்தினார். "உள்ள போய்க் குடுத்தா இன்னாடா?"

நடப்பதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாததல்ல, யோசித்ததில்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கு உள்ள போ. நான் சொன்னேன்னு சொல்லு."

போனேன். கிளார்க் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நின்றிருந்தவர்கள் வெளியே இறங்கினார்கள். காலி அறையில் தந்தியும் கையுமாக நின்றேன். அன்று முழுக்க ஆபீஸ் நடக்கவில்லை.

தோல் முதலாளிகள் ஒன்றாகப் போய்ப் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்கள். தந்தியெல்லாம் பெரும்பாலும் அவர்களுடையது, போஸ்ட்மாஸ்டரால் தட்டமுடியாது. ஊரையும் பகைக்க முடியாது. சீக்கிரமே பக்கச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார், மேலே தகரம் போட்டு. எங்களுக்கென்று.

"இப்ப தந்தி டக்குனு போயிடுது" என்று முதலாளி சந்தோஷப்பட்டார். "வெயில்ல நிக்கறதில்ல, போதும்ப்பா" என்றார் அப்பா. எனக்குத்தான் ஆறவில்லை. முன்பு இருந்தது ஒரு கல். யாராவது உதைத்துத் தள்ளியிருக்கலாம். இது சர்க்காரே சுவரில் கட்டிவைத்தது.

நாலு வருஷம் அந்த ஜன்னலில் கையை நீட்டினேன். பிறகு பெங்களூரில் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த வாரமே அங்கே ஒரு தபாலாபீசுக்குள் நுழைந்து, அப்பாவுக்கு எழுதக் கார்டு வாங்கினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லருகே நகரமுடியாமல் நின்றவன், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே ரொம்ப நேரம் நடந்துகொண்டிருந்தேன்.