சகாயமேரி அக்கா உட்கார்ந்து கேட்ட ஒப்பாரி

என் அண்ணனின் தோல் கிடங்கில் உட்கார்ந்து, விலை படியாத ஒரு வியாபாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "ஏனுங்க, காதரண்ணங்களா? நான் ஸ்டெல்லா வீட்டுக்காரனுங்க. அத்தை காலையில போயிட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொன்னா" என்றார் அக்காவின் மருமகன். சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீட்டில் சொல்லும் அரபுச் சொற்கள் தானாக வாயில் வந்தன. விலையை அந்த வியாபாரி சொன்னபடியே முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சகாயமேரி அக்காவை அறிந்தவர்களுக்கு மலையடி கேசட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் கோயில் தெருவுக்குப் பின்னால், ஒரு வீட்டின் முன்னறையில், இருபது வருடத்துக்கும் மேலாக ஓடிய கம்பெனி அது. தொடங்கியவர் அக்காவின் கணவர். அவர் இளவயதிலேயே இறந்தபோது கைக்குழந்தை ஸ்டெல்லாவும் ஒரு ரெக்கார்டரும் இரண்டு மைக்கும்தான் மிச்சம். மெஷினை விற்றுவிட்டு அறையை வெங்காயக் கிடங்குக்கு வாடகைக்கு விடச் சொன்னார்கள் உறவினர்கள். "வெங்காயத்துக்கு அழுறதுக்கு நான் பாட்டுக்கே அழுதுட்டுப் போறேன்" என்று சொல்லி அக்கா அவர்களை அனுப்பிவிட்டார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு முருகன் பாட்டு, டிசம்பரில் மாதா பாட்டு, நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கேசட். எல்லாவற்றுக்கும் கீபோர்டு நான்தான். எந்தச் சாமிக்கு வாசித்தாலும் ஒரே மாதிரி வாசிக்கிறேன் என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. டேப் ஓட ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது. பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் அரம் ஓயும் சாப்பாட்டு நேரத்தில்தான் பதிவு. அந்த நேரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். ஒருமுறை முருகன் பாட்டின் நடுவே அடுப்படியில் குக்கர் விசில் அடித்துவிட்டது. பாடகர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் திரும்ப எடுக்கலாம் என்றேன். "பாடுனது பாடுனதுதான். நடந்து போறவுக கோயில் சங்குன்னு நெனச்சுக்கட்டும்" என்றார் அக்கா. அந்த விசிலோடுதான் கேசட் பழனிவரைக்கும் போனது. யாரும் புகார் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வடமதுரைக் கடைக்காரர் ஒருவர், சாவு வீடுகளில் போட ஒப்பாரி கேசட் கேட்கிறார்கள் என்றார். அக்கா விசாரித்து, அந்தப் பக்கத்தில் பேர்போன வீராயி ஆத்தாவைக் கூட்டிவந்தார். ஆத்தா அறைக்குள் வந்து, சுவரில் தொங்கவிட்டிருந்த மெத்தைகளையும் மைக்கையும் பார்த்துவிட்டு, உட்கார மாட்டேன் என்றார். "சாவு விழுகாத வீட்டுல எப்பிடித்தா அழுகுறது? வீட்டுக்கு ஆகாது. அதுபோக, ஆளில்லாம யாரச் சொல்லி நான் அழுக?"

நியாயமான கேள்விதான். நானே ரெக்கார்டரை மூடிவைக்கப் போனேன். அக்கா ஒரு முக்காலியை இழுத்து ஆத்தாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "என்னையச் சொல்லி அழுங்க ஆத்தா."

"வாயக் கழுவு. பொட்டப்பிள்ள வச்சிருக்கவ பேசுற பேச்சா இது?"

"எப்பிடியும் ஒருநா அழத்தான் போறாக. அன்னைக்கு என் காதுல விழாது. இன்னைக்கே கேட்டுக்கிறேனே."

ஆத்தா அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்து ஒரு குரல் எடுத்தார். அவரோடு வந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்த அக்காவை, தாயே தாயே என்று அழைத்து அழுதார்கள். அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை. பாதி நாளில் பள்ளிக்கூடம் விட்டுவிடும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வாசலில் தெரியாத செருப்புகள், உள்ளே மாரடித்து அழுகிற சத்தம். ஏற்கெனவே அப்பா இல்லாத பிள்ளை அது. என்ன நினைத்திருக்கும்? கதவைத் தள்ளிக்கொண்டு "அம்மா" என்று ஒரு கத்துக் கத்தியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. ஒப்பாரியைப் பாதியில் விடுவது ஆத்தாவுக்குப் பழக்கமில்லை. பிள்ளை வந்ததையும் அழுகையில் சேர்த்துக்கொண்டார்: "பெத்த மக வந்திருக்கா, எந்திரிச்சுப் பாரும்மா." அக்கா எழுந்து ஓடிப் பிள்ளையை வாரிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம், நான் நிறுத்தவில்லை.

வழக்கம்போல அதையும் வெட்டாமல்தான் வெளியிட்டோம். வைகாசிக்குள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்த கேசட் இல்லாத மைக் செட் இல்லை. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அந்த இடம் வரும்போது, அதுவரை கல்லாக நின்ற ஆம்பிளைகளும் உடைந்து அழுதார்கள். கடைகளில் "பிள்ள அழுகுற கேசட்" என்றே கேட்டு வாங்கினார்கள். மற்றப் பாட்டெல்லாம் படுத்தபிறகும் கம்பெனி ஓடியது அதனால்தான்.

ஸ்டெல்லாவுக்குத்தான் அது விடியாத தொல்லை. தெருவில் எங்கே சாவு விழுந்தாலும் அவளுடைய கத்தல் குழாயில் கேட்கும். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அறைக்குள் வந்து, "அந்த ஒத்த வார்த்தைய மட்டும் எடுத்துரும்மா" என்றாள். முதல்முறையாக அக்கா தன் சட்டத்தை மீறினார். நானும் வெட்டிப் பார்த்தேன். வீராயி ஆத்தா அப்போது உயிரோடு இல்லை, திரும்பப் பாடவைக்க வழியில்லை. வெட்டிய கேசட்டைக் கடைகளில் வாங்க ஆளில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அக்கா பழையதையே திரும்பப் போட்டார். ஸ்டெல்லா அதன்பிறகு முன்னறைப் பக்கம் வரவே இல்லை. அம்மாவோடு பேச்சும் தேவைக்கு மட்டும்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வந்ததும், வேறு எதுவும் கேட்காமல் சரி என்றாள்.

கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சோடிக் கிடந்த நாளில் அக்கா என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ள அழுததுலதான் அந்தப் பிள்ளையப் படிக்க வச்சேன், கட்டியும் குடுத்தேன். இத எப்பிடிச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றது காதரு? சாமியாருக்கே வெளங்காது." அக்கா செய்தது தப்பு என்று சொல்கிறவர்களிடம் சண்டைக்குப் போவேன், சரி என்று சொல்கிறவர்களிடமும் போவேன்.

பிறகு ஒரே சி.டி. தட்டில் நூறு பாட்டு வந்தது, செல்போன் கடைகளில் மெமரி கார்டு வந்தது. மலையடி நின்றுபோனது. ஒப்பாரி மட்டும் ஊர் ஊராய் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் காசு கேட்கக் கூடாதா என்று நான் அக்காவிடம் கேட்டதற்கு, "எழவு வீட்டுல போயா கேஸ் போடச் சொல்ற?" என்று சிரித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் செட்காரர் வெளியூர் ஆள், இது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. எல்லாச் சாவு வீட்டிலும் போடுவதை இங்கேயும் போட்டுவிட்டார். வீராயி ஆத்தாவின் குரல் எழுந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நிறுத்தப் பாய்ந்தேன். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மாமா."

அந்த இடம் வந்தது. "அம்மா" என்று குழாயில் அவளே கத்தினாள். ஸ்டெல்லா குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு நான் கூப்புட்டதும் எந்திரிச்சு வந்துச்சு மாமா" என்றாள். நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

எத்தனையோ பேரைப் பாடவைத்த அக்கா, தன் குரலை ஒரு கேசட்டிலும் பதியவிட்டதில்லை. அக்காவை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஒப்பாரி எங்கேயாவது காதில் விழுந்தால் செத்த நேரம் நில்லுங்கள். "எந்திரிச்சுப் பாரும்மா" என்று ஆத்தா பாடி முடிக்கும் முன்னாலேயே, பின்னால் தடால் என்று ஒரு சத்தம் கேட்கும். முக்காலி உருண்டு விழுகிற சத்தம். எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அது அக்கா எழுந்து ஓடுகிற சத்தம்.