கிடாயில பால்

எங்கட வெள்ளை மறியாடு போட்ட ரெண்டு குட்டியும் கிடாய். பாலுக்கு ஆடு வளக்கிறவளுக்குக் கிடாய் எண்டா முகம் சுருங்கும்தானே. ஆனா அந்த மறி செம்பு நிறையக் கறக்கிறவள். அவள்ற இரத்தத்தை விட மனமில்ல. ஒரு கிடாயை இனத்துக்கு வெச்சுக்கொண்டு மற்றதை அண்ணனுக்குக் குடுக்கிற எண்டு நானும் என்ட மனிசனும் முடிவெடுத்தம். கட்டாரில இருந்து அவர்ர மகன் வாறான், விருந்துக்குக் கிடாய் வேணுமாம்.

எதை வைக்கிற எண்டதில யோசிக்க ஒண்டுமில்ல. மூத்தது கொழுகொழு எண்டு நெஞ்சை நிமித்தி நடக்கும். இளையதுக்கு ஈர்க்கில் காலும் தொங்கின காதும். அண்ணன் அதுக்கு ‘எலும்பன்’ எண்டு பேர் வெச்சார். “இதில கறி எங்க புள்ள, சொதிதான் வைக்கலாம்” எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

அந்த நேரம் வந்தாறுமூலைக் கம்பசில ஆடுகளை ஆராய்ச்சி செய்யிற மிஸ் ஒராள் வந்து, ரெண்டுட காதிலயும் துளித் தோல் எடுத்துக்கொண்டு போனா. பால் அளந்து பாத்த ஆடுகள்ற மரபணுவோட குட்டிட மரபணுவை ஒப்பிட்டா, இதுக்குப் பிறக்கிற மறிகள் எப்பிடிக் கறக்கும் எண்டு இப்பவே கணிக்கலாமாம்.

“கிடாயில பால் பாக்கிறீங்களா மிஸ்?” எண்டு கேட்டன். அவவும் விழுந்து விழுந்து சிரிச்சா.

அண்ணன் கயிறோட வந்து நிண்ட காலையிலதான் அவவிட போன் வந்தது. “அக்கா, சின்னதை வைங்க. ஒரே தாய் தகப்பன் எண்டாலும் பாலுக்கு நல்ல மரபணு சின்னதுக்குத்தான் கூடப் போயிருக்கு. ஆனா இது கணிப்பு, சத்தியம் பண்ண ஏலாது.”

ஐயோ, இப்ப என்ன செய்யிற! கணிப்புப் பிழைச்சா கொழுத்த அழகனும் போய்ப் பாலும் போயிரும். மனிசன் என்னைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறன். மறுகா, கண்ணை மூடிக்கொண்டு கொழுத்ததை அவிட்டு அண்ணன்ட கையில குடுத்தன். அவருக்கு வாயெல்லாம் பல்லு. “உனக்கென்ன விசரா புள்ள?” எண்டவர், நான் மனம் மாற முதல் இழுத்துக்கொண்டு போயிற்றார். விருந்தில நான் கறி தொடயில்ல.

எலும்பன் வளந்தும் எலும்பன்தான். ஊரே நக்கலடிச்சது. ஆனா எங்கட மற்ற மறி ஒண்டுக்கு அவனால பிறந்த மூத்த மகள் குட்டி போட்டு, நான் கறக்க இருந்த அந்தக் காலை! செம்பு நிறைஞ்சு நுரை வழிய, “இன்னொரு செம்பு கொண்டாங்க!” எண்டு கத்தினன். மனிசன் பதறிப்போய்த் தேத்தண்ணிக் கோப்பையோட ஓடிவந்தார். சிரிப்பையும் அழுகையையும் அடக்க ஏலாமக் கறந்தன். மற்ற மகள்களும் அப்பிடித்தான்.

கதை எங்கட மண்டூர் முழுக்கப் பரவிற்று. போன கிழமை படலையில அண்ணன். கையில கயிறு, கயித்தில அவர்ர மறி, பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டு நிக்கிது.

“புள்ள, அவன் நிக்கிறானா?”

“ஆரு அண்ணே?”

“அவன்தான்... உன்ட கிடாய்.”

“ஓ, எலும்பனா? அவருக்கு இண்டைக்கு நேரமிருக்கோ தெரியா. இருங்க, கேட்டுச் சொல்றன்.”