சுவருக்குள் ஒரு படிக்கட்டு

ஈரக் கருங்கல்லின் குளிரும் அதில் ஊறிப்போன மண்ணெண்ணெய் மணமுமாகவே அந்தக் கோட்டை முதலில் என் நினைவுக்கு வருகிறது. விக்டோரியா மகாராணி காலத்தில், இலங்கை மலைநாட்டில் கோப்பி பயிரிட்டுச் செல்வம் திரட்டிய ஸ்கொட்லாந்துத் துரையொருவர், தம் நாட்டுப் பிரபுக்களின் மாளிகையைப் போல எழுப்பிய கட்டடம் அது. எந்தப் போரையும் காணாத கொத்தளங்கள், எவரும் காவல் நில்லாத வட்டக் கோபுரம், கூர்வளைவுச் சாளரங்கள், துரைமாரும் விருந்தினரும் ஏறியிறங்கத் தேக்கில் இழைத்த அகன்ற முன்படி. கோப்பியை நோய் தின்ற பின்னர் அவர் நொடித்துப்போக, கோட்டை தேயிலைத் துரைமாரின் கைக்கு மாறியது.

கட்டியவரின் உண்மையான சாமர்த்தியம் கோபுரச் சுவருக்குள் இருந்தது. ஏவலாளர் துரைமாரின் கண்ணிற் படாமல் நடமாடுவதற்கென்று, சமையற்கட்டிலிருந்து மூன்றாம் மாடிவரை, சாளரமே இல்லாமல், ஓராள் மட்டும் ஏறக்கூடிய சுருள்படி ஒன்று சென்றது. எல்லோரும் அதைக் "கள்ளப்படி" என்றார்கள். அதில்தான் அப்பா நாள்முழுதும் தேநீர்த் தட்டுச் சுமந்தார். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் மட்டும் அவருக்குக் "கோட்டையிலை உத்தியோகம்". அம்மா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

என் எட்டாவது வயதில், பள்ளி விடுமுறைக்கு அங்கு போயிருந்தபோது, ஒரு மாலை, இரண்டாம் மாடி வளைவில் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். ரொட்டித் தட்டுடன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தவன் நான். கையெட்டும் தூரத்தில் கதவு. அதற்கப்பால் முன்படி, கீழே கூடத்தில் விருந்தினருடன் துரை, வாசலில் மோட்டார் கார். நான் தாழ்ப்பாளில் கைவைத்தேன்.

"முன்படியாலை போகாதை தம்பி," என்றார் அப்பா. "ஆக்கள் இருக்கினம்."

கீழ்ப்படிந்தேன். இருட்டில் சுருள்படி முழுவதும் இறங்கி, எல்லோரும் விருந்துக்குப் பரிமாறப் போயிருந்ததால் ஆளில்லாத சமையற்கட்டைக் கடந்து, கொல்லைக்கு அப்பாலிருந்த காவற்காரர்களை அழைத்து வந்தபோது, சிந்திய தேநீர் இன்னும் படிப்படியாக வடிந்துகொண்டிருந்தது. அப்பா போய்விட்டார். உடலைக் கிடத்தி இறக்க அங்கே இடமில்லை. நிமிர்த்திப் பிடித்தே இறக்கினார்கள். விருந்து கலையவில்லை.

கனடாவுக்குக் குடிபெயர்ந்த பின், மொன்றியலில் இத்தனை ஆண்டுகளாக அப்பாவை நான் மனேச்சர் என்றே சொல்லிவந்தேன். கல்லூரிப் படிப்போடு அதுவும் என் மதிப்பாயிற்று. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் இலங்கை போய்த் திரும்பிய நண்பர் பஞ்சலிங்கம், நகரையடுத்த புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை பார்ப்பவர், சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் பலர் முன்னிலையில் ஒரு படத்தை நீட்டினார். கோட்டை ஹோட்டலாகிவிட்டதாம். சுருள்படியை இடித்து லிஃப்ட் வைத்துவிட்டார்களாம்.

"உங்கட அப்பா ஆண்ட இடமெல்லோ, அண்ணை. நீங்கள் எங்களுக்கு இளவரசர்," என்று சிரித்தார். சுற்றியிருந்தோரும் சிரித்தார்கள்.

"அவர் அங்கை தட்டுத் தூக்கினவர்," என்றேன். "அந்த இடிச்ச படியிலைதான் செத்தவர்."

பஞ்சலிங்கம் படத்தை மெல்ல என் மடியில் வைத்தார். அதில் முன்படி மெருகேறிப் பளபளக்கிறது. அப்பா சரிந்த இடத்தில் இன்று கல்லில்லை, வளைவில்லை. வெறும் வெளியில் இரும்புப் பெட்டியொன்று ஏறி இறங்குகிறது.