தோற்க விடாத ஆட்டம்

வெள்ளைப் பந்து கறுப்புப் பந்தை ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக்கூடச் செருக முடியாது. பச்சைத் துணி விரித்த அந்தப் பெரிய மேஜையில் வேறு பந்து எதுவும் மிச்சமில்லை. இப்போது வீட்டுத் தொலைக்காட்சியில் எப்போதாவது ஸ்நூக்கர் காட்டுகிறார்கள். ஆடுகிறவர்கள் வெயிஸ்ட்கோட்டும் கழுத்தில் போ டையுமாகப் பெண் பார்க்க வந்தவர்கள்போல் நிற்கிறார்கள். யார் ஜெயித்தார் என்று நான் கவனிப்பதில்லை. புதுக்கோட்டை கிளப்பில் அன்று சாயங்காலம் ஒட்டி நின்ற அந்த இரண்டு பந்துகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். கண்மாய்களைப் பராமரிக்கும் இலாகாவில் நான் ஓவர்சீயர். எங்கள் எஞ்சினியர் குள்ளமான மனிதர், கட்டையான உடம்பு, தலையில் எந்நேரமும் ஜரிகைத் தலைப்பாகை. கரையில் நடக்கும்போது மற்றவர்கள் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டும். வேலையில் நெருப்பு. மடைக் கல் ஒரு விரற்கடை விலகியிருந்தாலும் பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். அவருக்கு இருந்த ஒரே ஆசை ஸ்நூக்கர். மற்ற அதிகாரிகள் சீட்டாட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்பதால், கோல் பிடிக்கத் தெரிந்த கீழ் உத்தியோகஸ்தர்களைக் கிளப்புக்கு அழைத்துப் போவார். சென்னையில் படித்த நாட்களில் ஒரு சிநேகிதன் புண்ணியத்தில் நானும் கொஞ்சம் ஆடக் கற்றிருந்தேன். அது அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது.

சாதாரணமாக இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய மேஜையில் என் மனு ஒன்று கிடந்தது. என்னைப் பொன்னமராவதிப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். என் மனைவி அங்கே தாய்வீட்டில் இருந்தாள், மாசமாக. முதல் பிரசவமும் அங்கேதான் நடந்தது. குழந்தை தங்கவில்லை. எனக்குத் தகவல் வந்து, விடுப்புக் கேட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்டிருந்தார்கள். அவள் அழுது தீர்த்திருந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை உண்டானபோது மட்டும் சொன்னாள்: “இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மனுவைப் பற்றி எங்கள் ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். ஆபீசில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறிந்தவர் என்று பெயர் வாங்கியவர் அவர். எஞ்சினியர் என்னை ஆடக் கூப்பிட்டிருக்கிறார் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஓவர்சீயர் ஒரே ஒரு முறை எஞ்சினியரை ஜெயித்தாராம். மறு மாதமே விராலிமலைப் பக்கம், ஆடு மேய்கிற பொட்டலுக்குத் தூக்கியடித்துவிட்டாராம். அதிலிருந்து இலாகாவில் யாரும் அவரை ஜெயிப்பதில்லை, அது ஒரு ஏற்பாடாகவே இருக்கிறது என்றார். கோலைப் பிடி, நாலு பந்தைத் தட்டு, தோற்றுவிட்டு வா என்று எனக்கு உபதேசம். தோற்பதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

கஷ்டம் என்னவென்று ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஸ்நூக்கர் விதிகளை வகுத்தவன் நம் ஊர்ப் பங்காளிச் சண்டையைப் பார்த்தவனாக இருக்க வேண்டும். சிவப்புப் பந்தைப் பையில் தள்ளினால் அது போனது போனதுதான். அடுத்து ஒரு கலர் பந்தைத் தள்ளலாம், ஆனால் சிவப்பெல்லாம் தீரும் வரை அது திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இது போகட்டும். தப்பு செய்தால் செய்தவன் கணக்கில் கழிக்க மாட்டார்கள், எதிராளியின் கணக்கில் கூட்டுவார்கள். எந்தத் தப்புக்கும் குறைந்தது நாலு பாயிண்ட். அதாவது நான் சும்மா நின்றாலே போதும், எதிரில் இருப்பவர் தப்பு செய்யச் செய்ய நான் பணக்காரனாகிக்கொண்டே போவேன்.

எஞ்சினியர் தப்பு செய்துகொண்டே இருந்தார். அதைவிட மோசம், தானே அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தார். மேஜை அகலம், ஆள் குள்ளம். தூரத்துப் பந்தை அடிக்க எக்கும்போது இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கணக்குச் சொல்லும் மார்க்கர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினியர் இறங்கி வந்து, “என் ரெண்டு காலும் தூக்கிருச்சு. அவருக்கு நாலு போடுங்க” என்றார். இன்னொரு முறை தலைப்பாகையின் தொங்கல் ஒரு பந்தை உரசியது. யாரும் பார்க்கவில்லை. அதற்கும் அவரே எனக்கு நாலு கொடுத்தார். சீட்டாட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஹெட் கிளார்க்கும் ஏதோ ஃபைலைச் சாக்கிட்டு வந்து கதவோரம் நின்றார். பையின் வாயிலேயே நின்ற பந்துகளை நான் வேண்டுமென்று விட்டேன். வேர்வையில் கோல் வழுக்கியது. நான் விட விட, அவர் கொடுக்கக் கொடுக்க, கணக்கு சரிக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அவர் ஐந்து பாயிண்ட் முன்னால் இருந்தார். என் முறை. வெள்ளை அந்தக் கறுப்பை ஒட்டிக்கொண்டு நின்றது. நான் கணக்குப் போட்டேன். வெள்ளை எந்தப் பந்தையும் தொடாவிட்டால் தப்பு. கறுப்பில் தப்பு செய்தால் எதிராளிக்கு ஏழு. கறுப்பு மட்டும் இருக்கும்போது தப்பு விழுந்தால் ஆட்டமும் அத்தோடு முடிந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது. கறுப்பு அசையாதபடி வெள்ளையை வெற்றிடத்தைப் பார்த்து மெதுவாகத் தள்ளினேன். அது எதையும் தொடாமல் உருண்டு போய் நின்றது. மார்க்கர் சந்தோஷமாக “ஃபவுல்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது.

எஞ்சினியர் கையைத் தூக்கி, தட்டலை நிறுத்தச் சொன்னார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதிகளிடம் போய், எட்டிப் பார்த்து, விரலை வைத்து வாசித்தார். வெள்ளை ஏற்கெனவே ஒட்டி நிற்கும் பந்தை அசைக்காமல் விலகி அடிக்க வேண்டும். அந்தப் பந்து முறைப்படி அடிக்க வேண்டிய பந்தாக இருந்தால், விலகிப் போவதே அதை அடித்ததாகக் கணக்கு. நான் செய்தது தப்பில்லை, அந்த இடத்தில் ஆட வேண்டிய ஒரே சரியான ஆட்டம். “நல்லா யோசிச்சு ஆடுனீங்க” என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

பிறகு அவர் கறுப்பை ஓங்கி அடித்தார். கறுப்பு பைக்குப் போகாமல் ஓரத்தில் மோதித் திரும்பியது. பின்னாலேயே வெள்ளை உருண்டு போய் எதிர்ப்பக்கத்துப் பையில் விழுந்தது. வெள்ளை பையில் விழுவதும் தப்புதான், எனக்கு ஏழு பாயிண்ட். இரண்டு பாயிண்டில் ஜெயித்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. ஹெட் கிளார்க் என்னைப் பார்த்த பார்வை, பாடையில் கிடப்பவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மற்றவர்கள் நழுவிய பிறகு எஞ்சினியர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பை வாயில் நின்ற பந்துகளை விட்டீர்களே, கை நடுங்கியதா, இல்லை வேண்டுமென்றா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஹெட் கிளார்க்கின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, விராலிமலைக் கதை, என் மனு, போன குழந்தை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலை பூராவும் நரைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“அப்ப எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் ஆடுறாங்களா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“அதானே பார்த்தேன். திருச்சி கிளப்புக்குப் போனா மட்டும் எனக்குக் கை வரமாட்டேங்குது. மேஜை கோணல்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எனக்குத்தான் மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நேர்மையான மனிதருக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நேர்மையான ஆட்டத்தைக் கொடுக்கவில்லை. பிறகு அவர், விராலிமலைக்குப் போனவரின் ஊரே அதுதான் என்றார். தகப்பனாருக்குப் பார்வை போய்விட்டதென்று அவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். வீட்டுக் கஷ்டத்தை ஆபீசில் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். நடுவில் அவர் ஒரு ஆட்டம் ஜெயித்தது எஞ்சினியரின் போதாத காலம். இதை இதுவரை யாரும் எஞ்சினியரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்ல அவசியம் வரவில்லை.

“ஒங்க மனுவுல நாளைக்கே கையெழுத்துப் போடுறேன். ஆனா, ஜெயிச்சதுக்காக ஒங்களைத் தூக்கியடிச்சேன்னுதான் சொல்லுவாங்க. பரவாயில்லையா?”

“பரவாயில்லைங்கய்யா” என்றேன், அவர் வாய் மூடுவதற்குள். கெட்ட பெயர் வரப்போவது அவருக்கு என்பதே அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கணக்கிலும் பாயிண்ட் எனக்கே வந்து சேர்ந்தது.

ஆபீசே என்னை வழியனுப்ப வந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஹெட் கிளார்க் கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமாக இருக்கச் சொன்னார். நானே கேட்டு வாங்கியது, எஞ்சினியர் தங்கமான மனிதர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போகிற நேரத்திலும் மேலதிகாரியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேனே என்று என்னை மெச்சினார்கள். முகத்தில் வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். திருமயம் தாண்டியதும் தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பிரசவ வலி கண்ட அன்று நான் அவள் இருந்த அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். “இருக்கீங்களா?” என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெண் குழந்தை. அது அழுத சத்தம் கேட்டதும் நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

அந்த மழைக்காலம் முடிந்து எஞ்சினியர் கண்மாய்க் கரையைப் பார்வையிட வந்தார். வேலை முடிந்ததும், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தையை அவர் கையில் வைத்தாள். அது உடனே அவர் தலைப்பாகைத் தொங்கலைப் பிடித்து இழுத்தது.

“ஆபீஸ்ல இன்னும் நான் ஒங்களைத் தண்டிச்சு அனுப்புனேன்னுதான் பேச்சா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.”

அவர் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மடைக் கல்லைப் பார்ப்பதுபோல் உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்:

“தண்டனை ரொம்ப அழகா இருக்கும்மா.”