எல்லோரும் சம்மதம் சொன்ன தெரு

1. ஒரே பதில்

தி.நகரில் ஒரு தெருவின் நடைபாதை வியாபாரிகள் அத்தனை பேரும் 'சம்மதம்' சொல்லிவிட்டார்கள் என்று தகவல் வந்த அன்று எங்கள் ஆபீஸில் கேக் வெட்டாத குறைதான். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கள மேற்பார்வையாளராக இருந்தேன். மக்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் சேர்த்து, அதை அதிகாரிகள் முன்னால் வைத்து, எந்தத் திட்டம் உருப்படும், எது உருப்படாது என்று சொல்வது எங்கள் வேலை. அந்தத் தெரு வியாபாரிகளைப் பக்கத்திலிருந்த வணிக வளாகத்தின் மூன்றாவது மாடிக்கு மாற்றலாமா என்பதுதான் அப்போதைய கேள்வி. எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உத்தரவு போடுவதாக இருந்தார்கள்.

ஆபீஸில் எனக்குச் 'சந்தேகப் பிராணி' என்று பெயர். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மூன்று பேர் கூடினால் காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில்கூட ஒத்துப்போகாத ஊர் இது. பிழைப்பு நடக்கும் இடத்தை விட்டுப் போக ஒரு தெருவே தலையாட்டுமா? டைரக்டர் ரகுவிடம் சொல்லிவிட்டு பேக்-செக் போனேன். கள ஆட்கள் கேட்ட கேள்விகளை மேற்பார்வையாளர் திரும்பப் போய்க் கேட்பதற்கு எங்களிடம் அந்தப் பெயர்.

2. நீல ரிப்பன்

முதலில் போனது மும்தாஜிடம். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஹேர் கிளிப், சேஃப்டி பின், ரப்பர் பேண்டு விற்பவர். நான் குனிந்து வணக்கம் சொல்வதற்குள் கடை விரித்திருந்த தார்ப்பாயின் ஒரு மூலையை மடித்துவிட்டார்.

"சரிங்க மேடம், போயிட்றோம் மேடம்."

"எங்கேம்மா போறீங்க? நான் இன்னும் எதுவுமே கேக்கலையே!"

"நீங்க சொல்ற எடத்துக்கு மேடம்."

அவர் பார்வை என் முகத்தில் இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது. நீல ரிப்பன், கையில் டேப்லட். கடைகளை அப்புறப்படுத்த வருகிறவர்களும் அப்படியேதான் வருவார்கள். அப்படி யார் வந்தாலும் சரி சொல்வது, மடிப்பது, அவர்கள் தெருமுனை திரும்பியதும் மறுபடி விரிப்பது, இதுதான் அந்தத் தெருவின் பழக்கம். அந்தச் 'சரி'யை எங்கள் ஆட்கள் 'சம்மதம்' என்று டேப்லட்டில் தட்டியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது ரகு வாதாடவில்லை. ரிப்பனைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். இந்த முறை எல்லோரும் 'முடியாது' என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை. அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். மும்தாஜே "எங்க வாழ்வாதாரம் பாதிக்கும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரிகள் சங்கத் தலைவர் முந்தின நாளே வந்து பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார்.

3. மூன்றாவது மாடி

கேட்டது போதும் என்று அந்த வளாகத்தின் மாடிக்கே ஏறிப் போனேன். அங்கே முன்பே சில வியாபாரிகளுக்குக் கடை ஒதுக்கியிருந்தார்கள். பல கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகளும் மூட்டைகளும். கடையை கோடவுன் ஆக்கிவிட்டு, ஆட்கள் கீழே தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டரில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தால், அதில் ஒரு கடை மும்தாஜுடையது.

கீழே வந்து மும்தாஜிடமே கேட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. பிறகு கோபம் வந்தது.

"மேல எவன் மேடம் வருவான்? ட்ரெய்ன் புடிக்கப் போற பொண்ணு கண்ணுல பட்டாத்தான் கிளிப்பு வாங்கும். கிளிப்பு வாங்கணும்னு ஊட்லேர்ந்து யாராச்சும் கெளம்புவாங்களா? கீழ தெருவப் பாத்தாப்புல ஒரு எடம் குடுக்கச் சொல்லு, இன்னிக்கே போயிட்றேன்."

நாங்கள் இத்தனை நாள் தேடிய உண்மையான பதில் அதுதான். அடுத்ததாக அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"எனுக்கு மேல கடை கீதுன்னு எழுதிடாத மேடம். அதையும் புடுங்கிக்குவாங்க, இங்கயும் ஒக்கார உடமாட்டாங்க. பொண்ணு காலேஜு போய்க்கினு கீது."

பெயரும் கடை எண்ணும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

4. அதிகாரியின் மேஜை

அவர் பயந்தபடியேதான் ஆரம்பித்தது. உத்தரவு போட வேண்டிய அதிகாரி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப கடையும் வாங்கிட்டு ரோட்லயும் ஒக்காந்திருக்காங்க. எந்தெந்தக் கடைன்னு லிஸ்ட் குடுங்கம்மா, கேன்சல் பண்ணிடலாம்."

"தர முடியாது சார்."

"நாங்க கேட்டு எடுத்த சர்வேம்மா இது!"

ரகு பக்கம் திரும்பினேன். அடுத்த ப்ராஜெக்ட்டும் இதே அதிகாரி கையில்தான் இருந்தது. ரகு கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பேரு, கடை நம்பர் எல்லாம் அழிச்சாச்சு சார். எங்க கிட்டயே இல்ல" என்றார் ரகு. அது பச்சைப் பொய். ஆபீஸ் திரும்பியதும் முதல் வேலையாக உட்கார்ந்து அழித்தார்.

அதிகாரி முகம் சிவந்தது. வியாபாரிகளின் கஷ்டத்தைச் சொல்லி அவரை அசைக்க முடியாது என்று தெரிந்தது. அதனால் அவருக்கே வரப்போகும் கஷ்டத்தைச் சொன்னேன்.

"கேன்சல் பண்ணி வேற ஆளுக்குக் குடுத்தாலும் அவங்களும் மூட்டையப் போட்டுட்டுக் கீழதான் சார் வருவாங்க. கீழயே தெருவப் பாத்த மாதிரி இடம் குடுத்தா அங்கயே இருப்பாங்க. நாளைக்கு மந்திரி திறப்பு விழாவுக்கு வந்து மாடி ஏறினா, காலிக் கடைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்."

அவர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கீழ வண்டி நிறுத்துற எடம் எவ்ளோ கீது?" என்று கேட்டார். அதுவரை ஆபீஸ் பேச்சு பேசியவர் வாயில் மும்தாஜின் அதே 'கீது'.

அந்த இடத்தில் தெருவைப் பார்த்தபடி சின்னக் கடைகள் கட்டினார்கள். ஜனங்களுக்காகச் செய்தாரா, தன் நாற்காலிக்காகச் செய்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆதாரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கேட்கிறவருக்கு எங்கே உறைக்குமோ அங்கே வைக்காவிட்டால் அது வெறும் காகிதம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அங்கே போனேன். மும்தாஜுக்கும் ஒரு கடை கிடைத்திருந்தது. மகள் கல்லாவில் நின்றாள். என்னை அடையாளம் கண்டு மும்தாஜ் சிரித்தார்.

"வியாபாரம் எப்படிம்மா போகுது?"

சிரிப்பு நின்றது. "எதுக்குக் கேக்குற மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம். முதல் நாள் அந்தத் தெருவில் கால் வைத்தபோது, எதையும் கேட்பதற்கு முன்பே, எதற்காகக் கேட்கிறோம் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.