யாழ்ப்பாணத்து மேரியக்காவுடன் கோவளம் குப்பத்துக்கு

வெளிநாட்டுச் சுகாதாரத் திட்டங்களை நேரில் பார்க்கக் கிளம்பும் வாசகர்கள் இருவர் என்னிடம் யோசனை கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக 1971-ல் நான் போன ஒரு பயணத்தை எழுதுகிறேன். தாம்பரத்திலிருந்து கோவளம் வரைதான், சுமார் முப்பது கிலோமீட்டர்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். புதன்தோறும் காலை ஒன்பதரைக்கு எங்கள் வேன் கோவளம் மீனவர் குப்பத்துக்குப் போகும், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க. ஒருவரும் வர மாட்டார்கள். இலங்கையில் மருத்துவச்சி ஊரிலேயே குடியிருந்து வீடு வீடாகப் போகிறார், பிரசவச் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி இருபது வருடம் வேலை பார்த்த மேரியக்கா, குரோம்பேட்டையில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். உங்கள் திட்டத்தை இங்கே எப்படிக் கொண்டுவருவது என்று போய்க் கேட்டேன்.

"நீங்கள் போற நேரம் அந்தப் பெண்டுகள் எங்க நிக்கினம் எண்டு பாத்தனீங்களோ?" என்றார். பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். கேளம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ். (இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு ரூபாய்க்குள்தான்.) எட்டேகாலுக்குக் குப்பம். பாதிப் பெண்கள் ஏற்கெனவே மீன் கூடையோடு போய்விட்டிருந்தார்கள். கன்னியம்மா என்பவர் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை ஏன் யாரும் வர்றதில்ல?" என்று கேட்டேன்.

"நீ வர்ற நேரத்துல நா கேளம்பாக்கத்துல வித்துகினு இருப்பேன் நர்சம்மா. சாயங்காலம் வாயேன். எல்லாரும் இங்கதான் கீறோம்."

குடிசைக்குள்ளே அவருடைய தங்கை செல்வி படுத்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். மேரியக்கா அவளுடைய வீங்கிய கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"தலையிடி இருக்கோ பிள்ளை? கண் மங்குதோ?"

செல்வி ஆமென்று தலையசைத்தாள். "சுணங்கக் கூடாது, இப்பவே கூட்டிக்கொண்டு போவம்" என்றார் மேரியக்கா. கன்னியம்மா கூடையைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு எங்களோடு நடந்தார். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ரத்த அழுத்தம் பயப்படும்படி ஏறியிருந்தது. இரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது, மிகச் சின்னதாக. தாயும் பிழைத்தாள்.

குப்பத்திலேயே ஒரு மருத்துவச்சியைக் குடிவைக்க வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பணமில்லை என்றார்கள். வேனை மாலை நாலு மணிக்கு அனுப்ப மட்டும் சம்மதித்தார்கள். முதல் புதனன்று பதினொரு பெண்கள் வந்தார்கள்.

ஆகவே, போகிறவர்களுக்கு: அங்கே அலுவலகத்தில் தரும் அறிக்கையோடு திரும்பிவிடாதீர்கள். வேலை செய்பவரோடு ஒரு முழு நாள் நடந்து பாருங்கள். கிளம்புவதற்கு முன், உங்கள் ஊருக்குள்ளேயே நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு, வழக்கமாகப் போகாத நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். திரும்பி வந்து எதையாவது மாற்றினால், அடுத்த கேள்விக்கும் தயாராக இருங்கள். அந்த முதல் புதனன்று வரிசையில் முன்னால் நின்ற கன்னியம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "நேரத்த மாத்திட்ட, சரி. மழ வந்தா வயித்துப் புள்ளக்காரிங்க எங்க ஒக்கார்றது?"