துளைக்குத் துளை சந்தனம்

நூலில் கட்டிய பழைய வேட்டித்துணி கிளாரினெட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்வரை ரெபேக்காள் யாரோடும் பேசமாட்டாள். ஊதிய ஈரத்தோடு மூடிவைத்தால் மரம் விரிசல் விடும். திருவிடந்தைக் கடற்காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து, விரலால் அமுக்கும் சாவிகளில் அப்பும். புதுச் செருப்போடு வரும், ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலங்கள் அவள் பெட்டியில் கிடக்கும். தெருவில் யார் செருப்பு வாங்கினாலும் பொட்டலம் அவளுக்குத்தான். "பஜ்ஜி துன்னுட்டு வாய் கொப்ளிக்காம ஊதறவன ஜெயில்ல போடணும்" என்பாள். பேண்டு செட்டில் அப்படி ஊதுகிற இரண்டு பேரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

மாமியார் பாப்பாவுக்கு அது வெறும் ஊதாங்குழல். கல்யாண ஊர்வலங்களில் மருமகள் ஊதுவது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். ஆனால் உறவினர் வந்தால் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "டைலரிங் பண்ணிகினு கீறா" என்று சொல்லிவிடுவார். என்ன நியாயம் இது? ஆயுத பூஜையன்று மகன் கலைவாணனின் பைக் முதல் தேங்காய் துருவி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார், தைக்கவே தெரியாத மருமகளின் ஊசி உட்பட. கிளாரினெட்டை மட்டும் தாண்டிப் போவார். ரெபேக்காள் சர்ச்சுக்குப் போகிறவள். பொட்டுக்காக ஏங்குகிறவள் அல்ல. ஆனாலும் தேங்காய் துருவியைவிடவா தன் பிழைப்பு கேவலம் என்று ஒவ்வொரு வருடமும் உள்ளுக்குள் கொதிப்பாள்.

இந்த வருடம் குளித்துவிட்டு வந்தவள் பூஜை மணையைப் பார்த்து அலறிவிட்டாள். கிளாரினெட்டில் துளைக்குத் துளை சந்தனம், சாவிக்குச் சாவி குங்குமம். சாவிகளுக்கு அடியில் இருக்கும் மெத்தைகள் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலம் மாமல்லபுரத்தில் அம்மன் ஊர்வலம். ஒரு மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்!

"இன்னா அத்த பண்ணி வெச்சிகீற? ஓட்டையெல்லாம் அடைச்சிகினு கீது! சத்தம் எங்கேர்ந்து வரும்?"

"தொழில் பண்ற சாமானுக்கு வெக்காம?"

"தொழிலா? டைலரிங்னு சொன்னியே, போய் ஊசிக்கு வெக்கறதுதான!"

"ஊசிக்கு இந்தத் தபா வெக்கல" என்று முணுமுணுத்துவிட்டு பாப்பா அடுப்படிக்குப் போனார்.

ரெபேக்காள் மணையைப் பார்த்தாள், ஊசியில் பொட்டே இல்லை. பிறகு இன்னும் ஆத்திரமாகத் தரையில் உட்கார்ந்தாள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு துளையாகச் சுரண்டினாள். மெத்தைகளுக்கு அடியில் மெல்லிய தாளைச் செருகி ஈரத்தை ஒற்றி எடுத்தாள். "கேட்டுட்டு வெக்கக் கூடாதா? ஒரு வார்த்த கேட்டா வாயா வலிக்கும்?" என்று அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே இருந்தாள். ஊதிப் பார்த்தாள். முதலில் காற்று, அப்புறம் கீச்சல், ஒருவழியாக ஸ்வரம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்த கணவன் கலைவாணன் துடைக்க ஈரத்துணியை எடுத்தான். கிளாரினெட்டின் அடியில் புனல்போல விரியும் இடத்தில் ஒரே ஒரு பொட்டு மிச்சமிருந்தது.

"கைய எடுய்யா! அங்க இன்னா ஓட்டையா கீது?" என்று கத்தி, அவன் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தாள்.